துணி மூடும்வரை

என் மனைவியின் வாய்க்குப் போகவிருந்த அப்பத்தை நான்தான் தடுத்தேன். கையைப் பிடித்து இழுக்கவில்லை. தட்டைத் தட்டிவிடவில்லை. கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தபடி ஒரு விரலை உயர்த்தினேன்... அவ்வளவுதான்.

அந்த விரல் ஏன் உயர்ந்தது? இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதே ஒரு தப்பித்தலோ! இருக்கலாம். எங்கள் குருவானவரிடம் இதைச் சொன்னதில்லை. அவளிடமும் சொன்னதில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்வது எளிதாக இருக்கிறது. அந்தக் கோழைத்தனத்தையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

நான் பெரிய சங்கீதக்காரன் இல்லை. கோயமுத்தூரில் பம்பு மோட்டார் செய்யும் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிறவன். குடியிருப்பது துடியலூரில். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் கீபோர்டு வாசிப்பேன், பாடகர் குழுவைப் பழக்குவேன். அதனால் எல்லோருக்கும் நான் மாஸ்டர். நாங்கள் புராட்டஸ்டண்டுகள். என் மனைவி ரீத்தா பிறந்தது கத்தோலிக்கக் குடும்பத்தில், கருமத்தம்பட்டிப் பக்கம்.

காதல் கல்யாணம். எங்கள் சபையில், எங்கள் குருவானவர் கையால் நடந்தது. அவள் அப்பா வரவில்லை. அம்மா மட்டும் வந்தார். பந்தியில் உட்காராமல் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

தன் கோயிலின் அனுமதியில்லாமல் வேறு சபையில் தாலி கட்டிக்கொண்டதால், அவளுக்கு அவள் கோயிலில் நற்கருணை இல்லை என்று ஆயிற்று. பூசைக்குப் போகலாம், முழங்காலில் நிற்கலாம், அப்பத்துக்கு மட்டும் நாவை நீட்டக்கூடாது. அதைச் சரிசெய்ய வழி இல்லாமல் இல்லை. நான் ஒருநாள் அவளோடு போய், அவர்கள் சாமியார் முன்னால் நின்று, அவர்கள் முறைப்படி திருமண வாக்கை மறுபடி சொன்னால் போதும். ரீத்தா கேட்டாள். பார்க்கலாம் என்றேன். என் அப்பா எங்கள் சபையின் செயலாளராக இருந்தவர். கட்டிய பெண்டாட்டிக்கு இன்னொரு கல்யாணம் எதற்கு என்றார். நானும் அதையே திருப்பிச் சொன்னேன். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே வருடங்கள் போயின.

எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? அவர்கள் நற்கருணை என்பதை நாங்கள் திருவிருந்து என்போம். எங்கள் சபையில் அதை வாங்க வேண்டுமானால் திடப்படுத்தல் ஆராதனையில் நின்று முறைப்படி சபையாராகியிருக்க வேண்டும். அவளுக்கோ சிறு வயதிலேயே அவள் கோயிலில் நெற்றியில் எண்ணெய் பூசி அதைச் செய்தாயிற்று. இங்கேயும் ஒருமுறை செய்துகொள்ளேன் என்று நான் சொன்னபோது சிரித்தாள்.

“ஒருக்கா பூசுன எண்ணெய் காஞ்சா போச்சுங்க, மறுக்காப் பூசறதுக்கு?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஆக, அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை! மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையார் எழுந்து வரிசையாகப் பீடத்தின் கிராதியருகே போய் முழங்காற்படியிடுவார்கள். பெண்கள் பக்கத்து பெஞ்சில் அவள் மட்டும் கால்களை ஒதுக்கி, மற்றவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்திருப்பாள். அந்தக் கால்கள் ஒதுங்குவதை ஓரக்கண்ணால் பார்த்தபடி நான் வாசித்துக்கொண்டிருப்பேன்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஒரு துண்டு அப்பம், ஒரு மடக்கு திராட்சை ரசம்... அதற்குப் போய் இவ்வளவா என்று. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஜனவரி மாதத்தில் எல்லாச் சபைகளும் சேர்ந்து ஜெபிக்கும் ஐக்கிய வாரம் வரும். அந்த வருடம் எங்கள் குருவானவருக்கு ஓர் ஆசை வந்தது. கடைசி நாள் மாலை, நகரத்துப் பெரிய ஆலயத்தில், திருவிருந்து ஆராதனை முழுவதையும் புதிய இசையில் பாட வேண்டும். எல்லாச் சபையாரும் ஒரே குரலாகப் பாட வேண்டும். இசையமைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

விழுந்தது என்கிறேன்... பொய்! ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அது எத்தனை பெரிய தலைவலி என்று பிறகுதான் தெரிந்தது. நாங்கள் ‘கர்த்தர்’ என்போம், அவர்கள் ‘ஆண்டவர்’ என்பார்கள். நாங்கள் ‘பரிசுத்தம்’ என்றால் அவர்களுக்கு அது ‘தூய்மை’. எங்களிடம் ஆயர் என்றால் சபைக் குருவானவர். அவர்களிடம் ஆயர் என்றால் மறைமாவட்டத்துக்கே தலைவர். முதல் கூட்டத்தில் ‘ஆயர் இங்கே வந்து நிற்பார்’ என்று நான் சொல்லப்போக, கத்தோலிக்கப் பெரியவர் ஒருவர், அவரை அழைக்க எத்தனை மாதம் முன்னால் கேட்க வேண்டும் தெரியுமா என்று பதறிப்போனார். லுத்தரன் சபையார் எதைக் கொடுத்தாலும் இழுத்து இழுத்துப் பாடினார்கள். கத்தோலிக்க இளைஞர்கள் எதைக் கொடுத்தாலும் ஓட்டமாக ஓடினார்கள். எங்கள் ஆட்களோ, நான்கு குரலாகப் பிரித்துக் கொடுக்காவிட்டால் அதைப் பாட்டென்றே மதிக்கவில்லை.

சண்டை வராத ஒரே இடம், அப்பமும் ரசமும் வழங்கும்போது பாடும் பாட்டு. அதற்குப் பழைய சொற்கள் எதுவும் கட்டாயமில்லை. நானே எழுதினேன். செஞ்சுருட்டி ராகத்தில், யார் வாயிலும் உட்காரும் எளிய மெட்டு. ‘பசியோடு வந்தேன், பந்தியில் இடம் தாரும்’ என்று பல்லவி. அதன் பின்னால் மூன்று சரணங்கள். ஒரே ஒரு பெண் குரல் பாட வேண்டும், மற்றவர்கள் எழுந்து போய் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும்.

அந்தக் குரல் ரீத்தாவுடையது. வேறு யாருடையதாக இருக்க முடியும்! மெட்டுப் போடும்போதே அவள் குரல்தான் என் காதில் இருந்தது. குழுவில் அவள் எந்தச் சபையின் கணக்கில் நிற்கிறாள் என்று எவரும் கேட்கவில்லை. பாடுகிறவரைக்கும் அவள் எல்லோருக்கும் பொதுவானவள்.

பசியோடு வந்தேன் என்று யாரை நினைத்து எழுதினேன்? அவளை நினைத்துத்தான். அவள் பசியை எடுத்துப் பாட்டுக் கட்டத் தெரிந்தது எனக்கு. அவளைக் கூட்டிக்கொண்டு அவள் கோயில்வரைக்கும் போகத் தெரியவில்லை.

கத்தோலிக்கர்களை ஒத்திகைக்கு அழைத்து வந்தவர் இளம் சாமியார் ஒருவர். நாங்கள் ஃபாதர் என்றுதான் அழைப்போம். நல்ல மனிதர். மேலிடத்தில் தன் சொந்தப் பொறுப்பில் அனுமதி வாங்கியிருந்தார். நிபந்தனை ஒன்றுதான். அவருடைய ஆட்கள் வரலாம், பாடலாம், ஜெபிக்கலாம். எங்கள் கையால் அப்பம் வாங்கக்கூடாது. கடைசி ஒத்திகையின் நடுவே வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது என்னைத் தனியாக அழைத்தார்.

“மாஸ்டர், எங்க பக்கம் ஒருத்தரு வாங்கிட்டாலும் அடுத்த வருசம் இந்தப் பாட்டே இருக்காதுங்க. நான் வாக்குக் குடுத்திருக்கறேன். நீங்கதான் பாத்துக்கோணும்.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

எங்கள் குருவானவர் வேறு மாதிரி. அன்று ஒரு நாள் திடப்படுத்தல் கணக்கெல்லாம் பார்க்காமல், ஆண்டவர்மேல் அன்புள்ள எவரும் வரலாம் என்றுதான் அழைப்பேன் என்று அதே ஒத்திகையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். கூப்பிடுவது தன் வேலை, வராமல் பார்த்துக்கொள்வது ஃபாதரின் வேலை என்று சிரித்தார். ஃபாதரும் சிரித்தார். ரீத்தா சிரிக்கவில்லை. அந்த அழைப்பை அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று வீடு திரும்பும்போது, கவுண்டம்பாளையம் தாண்டியதும், மொபெட்டின் பின்னாலிருந்து என் காதருகே சொன்னாள்.

“ஏனுங்க... அன்னிக்கு மூணாஞ் சரணம் முடிஞ்சதும் நானும் எறங்கி வந்து வாங்கிக்கறனுங்க.”

ஃபாதர் சொன்னது தெரியுமல்லவா என்றேன்.

“அது அவீங்க ஆளுகளுக்குங்க. நாந்தான் அந்தக் கணக்குலயே இல்லியே.”

மேட்டுப்பாளையம் பஸ் ஒன்று எங்களை உரசுவதுபோல் கடந்து போனது. அந்த இரைச்சலில் எதுவும் கேட்காத மாதிரி இருந்திருக்கலாம். ஆனால் கேட்டது.

“செரி கண்ணு” என்றேன்.

பாருங்கள்! ஒரே மாலையில் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்றைக் காப்பாற்றினால் மற்றது போகும். ஃபாதரிடம் போய், என் மனைவி வாங்கத்தான் போகிறாள், நீங்கள் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அவளிடம், இந்தப் பாட்டு பிழைக்கட்டும், கொஞ்சம் பொறு என்று கெஞ்சியிருக்கலாம். இரண்டில் எதையும் செய்யவில்லை. மென்று விழுங்கிக்கொண்டு திரிந்தேன். எப்படியாவது தானாக நடந்துவிடும் என்று இருந்தேன்.

ஆராதனை நாள் வந்தது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. நற்கருணைக்கு முன்னால் வெறும் வயிற்றோடு இருப்பது அவள் பிறந்த வீட்டில் பழகியது. மதியம் எனக்கும் எங்கள் மகளுக்கும் சோறு போட்டுவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்தாள். நீ சாப்பிடவில்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டி வருமே! மாலையில் கல்யாணத்துக்குக் கட்டிய வெள்ளைப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மடிப்புக் கலையாமல் மொபெட்டில் உட்கார அவளுக்குச் சிரமமாக இருந்தது.

ஆலயம் நிரம்பியிருந்தது. பாட்டு நன்றாகத்தான் போனது. இழுக்கிறவர்கள் சற்றே விரைந்தார்கள், ஓடுகிறவர்கள் சற்றே நின்றார்கள். குருவானவர் சொன்னபடியே எல்லோரையும் அழைத்தார். சபையார் எழுந்தார்கள். ஃபாதரின் ஆட்கள் தலைகுனிந்து தங்கள் இடத்திலேயே இருந்தார்கள். ரீத்தா பாடத் தொடங்கினாள்.

அந்தக் குரலைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதினால் என்னைப் பாராட்டிக்கொள்வதாக ஆகிவிடும்.

மூன்றாம் சரணம் முடிந்தது. கையிலிருந்த தாளை மடித்தாள். முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பாடகர் மேடையின் படியில் ஒரு காலை வைத்தாள்.

கிராதியருகே இன்னும் ஆட்கள் முழங்காற்படியிட்டிருந்தார்கள். நேரம் இருந்தது. தட்டில் அப்பமும் இருந்தது. முதல் வரிசையில் ஃபாதர் உட்கார்ந்திருந்தார். அவர் ரீத்தாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்... பார்த்தாரா? அதுகூட இப்போது உறுதியில்லை. கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ!

என் வலது கை சுருதியை விடாமல் பிடித்திருந்தது. இடது கை மேலே போனது. ஒரு விரல். எங்கள் குழுவில் அதற்கு ஒரே பொருள்தான்: மறுபடி முதல் சரணத்திலிருந்து.

அவள் நின்றாள். முந்தானை தலையில் இருந்தபடியே என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். அந்த நேரம் ஆலயத்தில் குரலே இல்லை. பிறகு படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு, பாடினாள்.

ஏன் பாடினாள்? இறங்கிப் போயிருக்கலாமே! யார் தடுத்திருக்க முடியும்? வீட்டில் நான் சொல்லி அவள் கேட்காத காரியங்கள் எத்தனையோ உண்டு. பாட்டில் மட்டும் ஒருமுறைகூட அவள் என் கையை மீறியதில்லை. விரல் உயர்ந்தால் வாய் திறக்கும், அப்படிப் பழகியவள், அப்படிப் பழக்கியவன் நான். பேச்சில் தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பாள், ஜெயித்தும் இருப்பாள். அது தெரிந்துதான் பாட்டில் தடுத்தேன்.

அந்தச் சுற்று முடிந்ததும் மறுபடி உயர்த்தினேன். மறுபடியும்...

இதற்குமேல் ஒன்று இருக்கிறது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். கீபோர்டுக்காரன் எழுந்து போக முடியாது என்பதால், எங்கள் வழக்கப்படி குருவானவரே அப்பத்தையும் கிண்ணத்தையும் அவனிடம் கொண்டுவருவார். அன்றும் வந்தார். ஒரு கையால் வாசித்தபடி மறு கையை நீட்டி வாங்கினேன். தின்றேன். கிண்ணத்தில் வாய் வைத்துக் குடித்தேன். எனக்கு ஓரடி தள்ளி நின்று அவள், பந்தியில் இடம் தாரும் என்று பாடிக்கொண்டிருந்தாள்!

குருவானவர் அவள் பக்கம் திரும்பினார். தட்டைப் பிடித்தபடி நின்றார். வரி முடியட்டும் என்று காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. அந்த இடத்தில் வழக்கமாகச் சற்று இடைவெளி விடுவேன். அன்று விடவில்லை. அடுத்த வரிக்கு நேராக இழுத்துக்கொண்டு போனேன். அவளுக்கு விருப்பமில்லை போலும் என்று அவர் எண்ணியிருப்பார். திரும்பிப் போய்விட்டார்.

கடைசியில் மீந்த அப்பத்தை அவரே உண்டு, மீந்த ரசத்தைக் குடித்து, பாத்திரங்களை வெள்ளைத் துணியால் மூடினார். அதன்பிறகுதான் என் விரல் ஓய்ந்தது.

எதற்காகச் செய்தேன்? ஃபாதருக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் மனைவிக்குக் கொடுத்த வாக்கு வாக்கில்லையா? பாட்டு பிழைக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். பாட்டா, பாட்டின்மேல் இருந்த என் பெயரா? கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தியில்தானே உட்காருவார்கள், எங்கள் பக்கம் அதுதானே முறை, அவள் பாட்டைப் பரிமாறினாள், அவ்வளவுதான் என்றும் சொல்லிப் பார்த்தேன். அது கொஞ்ச நாள் ஆறுதலாக இருந்தது. ஆனால் அங்கே கடைசிப் பந்தி எங்கே இருந்தது? துணி மூடியாயிற்றே!

இன்னொன்றும் உண்டு. எழுதக் கூசுகிறது. நான் வருடக்கணக்காகக் கொடுக்காமல் இழுத்தடித்ததை, அவள் ஒரு நிமிடத்தில் இன்னொருவர் கையிலிருந்து வாங்கியிருப்பாள். நான் இல்லாமலேயே அவள் பசி தீர்ந்திருக்கும். அதைத்தான் பொறுக்கவில்லையோ? இல்லை, இதுவும் நான் பிறகு யோசித்துச் சேர்த்ததோ! என் மனதை நானே திருகித் திருகி, எது முதலில் இருந்தது, எது நான் வைத்தது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது.

ஆராதனை முடிந்து எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஃபாதர் கட்டியே பிடித்துக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் ரீத்தா சொன்னாள்.

“தொண்ட கட்டிப்போச்சுங்க.”

மிளகு தட்டிப் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். காலையிலிருந்து அவள் வயிற்றுக்குள் போன முதல் ஆகாரம் அதுதான். ஏன் விரலை உயர்த்தினீர்கள் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கூட்டம் அதிகம், பாட்டு போதவில்லை என்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன். அன்று ஒலிபெருக்கி வைத்தவர் ஆராதனையை கேசட்டில் பதிந்திருந்தார். காந்திபுரத்துக் கடையில் அதற்குப் பிரதிகள் எடுத்தார்கள். திருப்பூருக்குப் போனது, ஈரோட்டுக்குப் போனது, இந்தச் சபை அந்தச் சபை என்று பார்க்காமல் எல்லா இடத்துக்கும் போனது. யாரிடமும் தாள் இல்லை. கேசட்டில் கேட்டதை அப்படியே பாடம் பண்ணினார்கள். ஆகவே மூன்று சரணத்தோடு முடிய வேண்டிய பாட்டு, துணி மூடும்வரை சுற்றிச் சுற்றிப் பாடும் பாட்டாகிவிட்டது. பாடுகிற பெண் அன்று அப்பம் வாங்கமாட்டாள் என்பதும் ஒரு முறையாகிவிட்டது. அதற்கு யாரோ விளக்கம்கூடச் சொன்னார்கள், தியாகம் என்று!

வருடங்கள் கழித்து, காங்கேயத்தில் ஒரு சபையின் ஆண்டு விழாவுக்கு எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள். அங்கே ஒரு பெண் அந்தப் பாட்டைப் பாடினாள். மூன்றாம் சரணம் முடிந்ததும் நிறுத்தினாள். ஒரு மூச்சு விடும் நேரம் ஆலயத்தில் குரலே இல்லை. பிறகு முதல் சரணத்தைத் தொடங்கினாள். அந்த மௌனத்தையும் கேசட்டிலிருந்து பாடம் பண்ணியிருந்தார்கள்.

சாப்பாட்டின்போது அந்தச் சபையின் பாடகர் தலைவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

“அந்த எடத்துல ஒரு மூச்சு நிறுத்தி வெச்சிருக்கறீங்க பாருங்க மாஸ்டர், அங்கதானுங்க இந்தப் பாட்டோட உசுரே இருக்குது.”

பக்கத்தில் ரீத்தா இருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் ரசம் போடச் சொல்லி இலையில் சோற்றைக் குழித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, போன வருடக் கடைசியில் ஒரு மாலை வீட்டில் போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள். நான் உள் அறையில் கீபோர்டின் வயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் ஈரோட்டுப் பக்கத்துச் சபையில் பாட்டுப் பழக்குகிறவர். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை, அவள் பேசியதிலிருந்து புரிந்தது. அவர் குழுவில் பாடும் பெண்ணுக்குத் திருவிருந்து வாங்க ஆசை. துணி மூடும்வரை பாடித்தான் ஆக வேண்டுமா, மாஸ்டரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

அவள் என்னைக் கூப்பிடவில்லை.

“மூணு சரணந்தானுங்க அது. அவரு போட்டதே அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அன்னிக்கு ஒரு நாளைக்குன்னு பாடிப்போட்டதுங்க... ஆமாங்க. அந்தப் புள்ளைய எறங்கிப் போயி வாங்கிக்கச் சொல்லுங்க.”

போனை வைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்து, ஈரோட்டிலிருந்து பாட்டு விஷயமாகக் கேட்டார்கள், சொல்லிவிட்டேன் என்றாள். அடுப்பில் எதையோ வைத்திருந்தாள், போய்விட்டாள்.

வயரைக் கையில் பிடித்தபடி நின்றேன். அப்படியானால், அவளைத் தடுக்கத்தான் அன்று விரல் உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியும்! கூட்டம் அதிகம் என்று நான் வைத்திருந்த பதில், அந்தப் பதிலே தேவைப்படாத அளவுக்கு அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போதிலிருந்து? படியில் கால் வைத்து நின்ற அந்த மூச்சிலேயேவா? பின்னாலேயே போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான்தான் எப்போதும் பார்க்கலாம் என்கிறவன் ஆயிற்றே.

ஆனால் ஒன்று தீர்மானித்தேன். இந்த ஜனவரியில் ஐக்கிய வாரத்துக்கு அதே ஆலயத்தில் அதே ஆராதனை வந்தது. ஃபாதரும் அன்றைய குருவானவரும் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார்கள். முதல் வரிசையில் யாருக்கும் நான் எந்த வாக்கும் கொடுத்திருக்கவில்லை. ஒத்திகை முடிந்து வரும்போது, முன்னால் பார்த்து வண்டியோட்டியபடியே, இந்தத் தடவை மூன்று சரணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். நீ இறங்கி வா என்று அதற்குமேல் சொல்ல நா எழவில்லை. அவளுக்குப் புரியும் என்று நினைத்தேன்.

“செரிங்க” என்றாள்.

ஆராதனையன்று மதியம் அவள் வெறும் வயிற்றோடு இருக்கவில்லை, என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாம் முறை மோரும் ஊற்றிக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

மாலையில் மூன்றாம் சரணம் முடிந்தது. நான் இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு மூச்சு நேரம் ஆலயத்தில் எந்த ஒலியும் இல்லை. கிராதியருகே இடமிருந்தது, தட்டில் அப்பம் இருந்தது. அவளைப் பார்த்தேன். அவள் தாளை மடிக்கவில்லை. முந்தானை தோளிலேயே இருந்தது. என் கை எங்கே இருக்கிறது என்று அவள் பார்க்கவே இல்லை.

முதல் சரணத்தைத் தொடங்கினாள். துணைக்கு வாத்தியம் இல்லாமல், தனியாக.

குருவானவர் என்னிடம் வந்தார். என் இரு கைகளும் சும்மா இருந்தன. அப்பத்தை உள்ளங்கையில் வைத்தார். அதை நான் தின்றேன். பாத்திரங்களை வெள்ளைத் துணியால் மூடும்வரை அவள் பாடிக்கொண்டிருந்தாள்.